பலகையில் இருநூறு

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம், வெந்துகொண்டு. நீ நலம் என்று எனக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்குப் பாலத்து முனையில் இருக்கிற கரும்பலகையில் உன் எண்ணைப் பார்த்தேன்: 0.0. நூற்று நாற்பது நாளாக அதே பூஜ்யம்தான். ஆற்று அலுவலகத்துக் குமாஸ்தா பழைய எண்ணை அப்படியே விட்டுவைத்தாலும் யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. ஆனாலும் அந்த மனிதர் தினமும் அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதுகிறார். அவர் நன்றாக இருக்கட்டும். எட்டரை மணிக்கு நீ எழுந்து நடமாடி, மழைமானியைப் பார்த்து, அலுவலகப் போனில் சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேறு வழி ஏது? உன் மலைக்குச் செல்போன் எட்டாது. கடித வண்டியோ வாரம் ஒரு முறை. அம்மாவும் நான் வேலை முடிந்து வந்ததும் முதலில் கேட்பது, "எட்டரை இன்னைக்கு என்ன சொன்னான்?" என்றுதான். பெற்றவள் வைத்த பெயரை அவளே மறந்துவிட்டாள். நீ இப்போது எட்டரைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவால் முடியவில்லை. மாடி அறைக்கு மேலே காங்கிரீட் கூரை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது விடிய விடிய நம் தலையில் இறக்குகிறது. ஈரத்துணி போட்டால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் வெயிலில் விழுந்தவர்களுக்கென்றே தனி வார்டு திறந்திருக்கிறார்கள். படுக்கை விரிப்புகள் இரண்டு மடங்கு வருகின்றன. சலவைக்கூடத்தில் நேற்று இருவர் மயங்கி விழுந்தார்கள். அவர்களையும் அதே வார்டில் போட்டு, அவர்கள் விரிப்பையும் நாங்களே துவைத்தோம்.

அம்மாவை இரண்டு மாதம் உன் குளிருக்குக் கூட்டிப்போயேன். உன் மாப்பிள்ளை லாரியோடு வெளியூரில் இருக்கிறார். நான் ஒருத்தி என்ன செய்வேன்?

அன்புடன்,
தங்கை

*

மே 2

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் மூச்சு எப்படி இருக்கிறது என்று தனியாக ஒரு வரி எழுது.

அழைத்துவர ஆசைதான். கேட்டும் பார்த்தேன். மாற்று ஆள் வந்தால்தான் நான் நிலையத்தை விட்டு இறங்க முடியும், மாற்று ஆள் இரண்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறார். வண்டி நிற்கும் இடத்திலிருந்து இங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு படி. அம்மாவை எப்படி ஏற்றுவது?

வேறு யோசனை சொல்கிறேன். கீழே சாமான் அறை சும்மாதானே கிடக்கிறது? அதை ஒழித்து அம்மாவை அங்கே படுக்க வை. போன தடவை வந்தபோது என் கைத் தெர்மாமீட்டரில் இரண்டு அறையையும் அளந்தேன், சிரித்தாயே. மாடிக்கும் கீழுக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம். ஒரு உயிருக்கு ஐந்து டிகிரி பெரிய விஷயம்.

உலகம் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்டால் நீ கொட்டாவி விடுவாய், இருந்தாலும் உன் தொழிலை வைத்தே சொல்கிறேன். கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்துக் காற்றைச் சூடாக்கிவிட்டோம். சூடான காற்று பெரிய துண்டு மாதிரி. ஒரு டிகிரி ஏறினால் நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் ஈரத்தைக் குடிக்கும். அதனால் மண்ணில் உள்ளதையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. பிழியும்போது மொத்தமாகப் பிழியும். இந்த வருடம் துண்டு நன்றாக ஊறிக்கொண்டிருக்கிறது. எனக்கு வெயிலைவிட அதன் பிறகு வருவதுதான் கவலை.

அம்மாவிடம் எட்டரை கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

*

மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று பலகை சொல்கிறது. அதே பூஜ்யம்.

உன் பேச்சைக் கேட்டுவிட்டேன். உன் மாப்பிள்ளை இரண்டு நாள் விடுப்பில் வந்தார். அவரும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் கணவரும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். பதினான்கு படிக்கு அரை மணி நேரம். அம்மா ஊர்வலம் போவது போல் ஜம்மென்று உட்கார்ந்து, "மெதுவா, நான் ஒண்ணும் மூட்டை இல்ல" என்று அதட்டிக்கொண்டே வந்தாள். கீழே ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் பேச்சு. இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. மூச்சும் பரவாயில்லை. உன் ஐந்து டிகிரி வேலை செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில்தான் குறையவில்லை. ஐஸ் கிடைக்காமல், நாங்கள் விரிப்புகளைத் தண்ணீரில் முக்கி ஈரமாகவே மேலே அனுப்புகிறோம். இருபது வருடமாகக் காய வைக்கக் கற்றுக்கொண்டேன், இப்போது நனைத்துக் கொடுப்பதுதான் வேலை. சில விரிப்புகள் யாரையோ முகம்வரை போர்த்திவிட்டுத் திரும்புகின்றன.

உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவு. பூட்டி வைத்து அளந்துகொண்டிருக்காதே.

தங்கை

*

ஆகஸ்ட் 9

அன்புத் தங்கைக்கு,

எழுதி நாளாகிவிட்டது. கோபிக்காதே. தைலம் தடவுகிறேன், கால் பரவாயில்லை. அம்மாவையும் உன்னையும் நினைக்காத நாள் இல்லை.

பூஜ்யம் ஒழிந்ததைப் பலகையில் பார்த்திருப்பாய். முந்தாநாள் பிற்பகல் மூன்று மணி நேரத்தில் நூற்று நாற்பத்து இரண்டு மில்லிமீட்டர். ஒரு மாத மழை. அப்புறம் மறுபடி வெயில். பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில் வருடத்துக்குத் தொண்ணூறு நாள் மழை பெய்தது. என் இருபத்திரண்டு வருடத்தில் அது அறுபதுக்கு வந்துவிட்டது. ஆனால் மொத்தத் தண்ணீர் குறையவில்லை. தொண்ணூறு நாளில் வந்தது அறுபது நாளில் கொட்டுகிறது.

இதில் ஒரு சிக்கல். என் மழைமானிக்குள் இருக்கும் குடுவை இருநூறு மில்லிமீட்டர்தான் கொள்ளும். நிரம்பி வழிந்தால் பிடிக்க அதைச் சுற்றி ஒரு தகர உருளை உண்டு, அது அடியில் துருப்பிடித்து ஓட்டை. மாற்றித் தரும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வந்தது: தொண்ணூறு வருடத்தில் இந்த நிலையத்தில் நூற்று எண்பதைத் தாண்டியதில்லை, ஆகவே அவசியம் இல்லை. எழுதியவர் குளிர் அறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் இரண்டே விதி சொன்னார். எட்டரைக்கு முன் குடுவையில் கை வைக்காதே. அளந்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. இருபத்திரண்டு வருடமாக அதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. அம்மாவுக்கு என்னைப் பற்றிப் பெருமை இருந்தால் அதற்காக இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்

*

அக்டோபர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சுகம், நான் சுகம், உன் எண் சுகம்.

அக்டோபர் முடியப் போகிறது, சூடு இறங்குவதாக இல்லை. மழைக்காலத்துக்குள் அம்மாவை மாடிக்கு ஏற்றிவிடலாம் என்றிருந்தேன். நேற்று நான் மட்டும் போய் மாடி அறையில் படுத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. அம்மாவும் வரமாட்டாளாம். "ஜன்னலை விட்டுட்டு மேல போயி யார்கிட்ட பேசுறது?" என்கிறாள். உன் மாப்பிள்ளை நவம்பர் இருபதாம் தேதி வருகிறார். அதற்குள் சூடும் தணியும். அப்போது நாற்காலி ஊர்வலம் மேல்நோக்கி.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குத்தான் பயம். ஆறு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று புலம்புகிறார். நான் அவரைப் பலகைக்கே கூட்டிப்போய், எண்ணுக்குக் கீழே பெயிண்டில் எழுதியிருப்பதைக் காட்டினேன். உன் மலையில் பெய்வதுதானே இந்த ஆற்றில் வருகிறது: நூற்றைம்பது மில்லிமீட்டர் வரை பயமில்லை. இருநூற்று இருபது வரை ஆற்றோரம் போகக்கூடாது. அதற்கு மேல் போனால்தான் சங்கு ஊதுவார்கள், கீழ்த்தளத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த எண்ணைச் சொல்வது எங்கள் அண்ணன், அவர் பருக்கைக்குப் பருக்கை எண்ணிச் சாப்பிடுகிற ஆள், அதனால் நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன். சிரித்துவிட்டார். இப்போது தெருவில் பாதிப் பேர் காலையில் என்னைப் பார்த்தால் "அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்கிறார்கள். உனக்குத் தெரியாமலே இங்கே நீ பெரிய மனிதன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மேலே மழை வந்தால் காலில் சாக்ஸ் போட்டுக்கொள்.

தங்கை

*

நவம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதம் எப்போது உன் கைக்கு வரும், வருமா என்று தெரியவில்லை. ஐந்து நாளாகப் போன் செத்துக் கிடக்கிறது. பதினான்காம் தேதி காலை எண்ணைச் சொல்லி வைத்ததும் போனதுதான். சாலை மூன்று இடத்தில் மலையோடு சரிந்துவிட்டது. நடந்தே இறங்குகிற மின்வாரிய ஆளிடம் இதைக் கொடுக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் நலமா? அம்மா எங்கே இருக்கிறாள்? ரேடியோவில் ஊர் மூழ்கியதாகச் சொல்கிறார்கள், தெருப் பெயர் எதுவும் சொல்வதில்லை.

இங்கே பதிமூன்றாம் தேதி மாலை பிடித்த மழை மறுநாள் மதியம்தான் விட்டது. பதிவானது இருநூறு. தொண்ணூறு வருடத்தில் இதுதான் அதிகம்.

இரண்டு வரி போதும். உடனே எழுது.

அண்ணன்

*

டிசம்பர் 12

அண்ணாவுக்கு,

நான் நலம். உன் மாப்பிள்ளை வந்துவிட்டார். உன் கடிதம் டிசம்பர் ஆறாம் தேதிதான் கிடைத்தது. உன்னிடம் சொல்ல யார் யாரிடமோ கேட்டேன், மேலே வர ஆள் கிடைக்கவில்லை.

அம்மா போய்விட்டாள். பதினேழாம் தேதி, எங்கள் ஆஸ்பத்திரியில். சளி மார்பில் இறங்கிவிட்டது. கஷ்டப்படவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

தண்ணீர் நம் வீட்டு வாசல்படியோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே அம்மாவை மாடிக்கு ஏற்றிவிட்டோம். ஈரக்காற்றுத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வயதும் ஆகிவிட்டது. நீ உன்னைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. காரியமெல்லாம் முடிந்துவிட்டது. சாலை சரியாகிற வரை அங்கேயே இரு.

எண்ணைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

தங்கை

*

டிசம்பர் 30

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும். அழுதேன். இங்கே அழுதால் கேட்க ஆளில்லை, அது ஒரு வசதி.

நீ பக்கத்தில் இருந்தாய் என்பதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததே இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கடும் மழையிலும் நேரம் தவறாமல் அளவு அனுப்பியதற்காக. அதை மேசை இழுப்பறையில் தலைகீழாக வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. ஊரில் தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு உயரம் வந்தது என்று எல்லா இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? உன் தையல்காரம்மாவின் டேப் போதும், அளந்து எழுது. வாசற்படியோடு நின்றது என்றாய், படியில் எத்தனை அங்குலம் என்று சொன்னாலும் போதும்.

அண்ணன்

*

ஜனவரி 20

அண்ணாவுக்கு,

நான் நலம். வேலைக்குப் போகிறேன். சாப்பிடுகிறேன்.

அளவு கேட்டிருந்தாய். சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டோம். இனி அளக்க ஒன்றும் இல்லை.

சாலை சரியானதும் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது.

தங்கை

*

பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

உன் உடல்நலம் கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

ஆற்று அலுவலகம் தெருவாரியாகத் தண்ணீர்க் கோடுகளை அளந்து எனக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறது. நம் தெருவில், நம் வீட்டு வரிசையில், தரையிலிருந்து ஐந்து அடி நாலு அங்குலம். அம்மாவின் உயரம் நாலு அடி பத்து அங்குலம். நான்தான் அளந்திருக்கிறேன், ஒரு முறை கதவு நிலையில் கோடு போட்டு.

வாசலோடு நிற்கவில்லை. மாடிக்கு ஏற்றவும் இல்லை. நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் நான் செய்தது உனக்குத் தெரிந்திருக்கிறது, இல்லையென்றால் பாதி தெரிந்திருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

பதினான்காம் தேதி காலை ஆறு மணிக்கு டார்ச்சோடு போய் மழைமானியைத் திறந்து பார்த்தேன். குடுவை கழுத்துவரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழிந்தது எல்லாம் தகர உருளையின் ஓட்டை வழியாகக் கல்லில் ஓடியது. அப்போதே குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்திருக்கலாம். அப்போதே போனை எடுத்திருக்கலாம். எட்டரைக்கு முன் கை வைக்கக்கூடாது. மூடினேன். உள்ளே வந்து டீ போட்டுக் குடித்தேன். இரண்டரை மணி நேரம் ஜன்னல் வழியாக மழைமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முற்றத்தில் ஒரு காலிப் பெயிண்ட் டப்பா இருந்தது, நேர்ச்சுவர் டப்பா, மேலும் கீழும் ஒரே அகலம். துணி ஊற வைப்பது. முந்தின மாலை அலசிவிட்டுக் கவிழ்க்காமல் விட்டிருந்தேன். எட்டரைக்கு அதில் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. சமையலறைக் காலண்டரில் பென்சிலால் அதைக் குறித்தும் வைத்தேன். பிறகு போனை எடுத்து இருநூறு என்று சொன்னேன்.

குமாஸ்தா எழுதிக்கொண்டே கேட்டார், "முழுசா இருநூறா? புள்ளிக்கு அப்புறம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல. இருநூறுதான்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் கேட்டார், தங்கச்சி. ஒருத்தர் கேட்கவும் செய்தார். "வழிஞ்சுடுச்சு, அளக்க முடியல" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் சங்கு ஊதியிருப்பார்கள். நான் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். குடுவையில் இருந்தது இருநூறுதான். பெயிண்ட் டப்பா அரசாங்கக் கருவி இல்லை. அளக்காத எண்ணைச் சொல்லி என் இருபத்திரண்டு வருடத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. அம்மாவைக் கீழே இறக்கச் சொன்னவனும் நான்தான் என்பது அந்த நிமிடம் என் நினைவுக்கே வரவில்லை.

அந்த மழை இப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் உனக்கே எழுதினேன். தெரிந்தவன் சொல்லாமல் இருந்தான்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுது. எல்லாவற்றையும் எழுது.

அண்ணன்

*

மார்ச் 15

தங்கைக்கு,

ஐந்து வாரமாக வண்டியில் உன் கடிதம் வரவில்லை. நீ நலமாக இருந்தால் போதும்.

வெள்ளம் பற்றிய விசாரணை ஏப்ரல் இரண்டாம் தேதி அங்கே நகர மன்றத்தில் நடக்கிறது. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், சாலையும் போட்டுவிட்டார்கள். பாராட்டுக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் காலண்டர் தாளைக் கொண்டுவருகிறேன்.

வேலை போகலாம். அது பெரிதில்லை. நீ வருவாயா என்று கேட்க மாட்டேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கத் தேவையில்லை. இரண்டாம் தேதி உன்னைப் பத்தடி தூரத்தில் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். முழங்கால் இன்னும் சரியாகவில்லை, மேடை ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தாய். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் தலையைக் குனிந்திருப்பேன். அதனால் பரவாயில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு என்று நீ சொன்னதும் மன்றத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். என் பக்கத்தில் தையல்காரம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டார். கடல் சூடாகிக் கிடந்ததால்தான் இப்படி ஒரு மழை, இனி இது அடிக்கடி வரும் என்று வந்திருந்த நிபுணர் படம் போட்டுச் சொன்னார். எனக்கு உன் துண்டு நினைவுக்கு வந்தது, அவரைவிட நீ நன்றாகச் சொன்னாய். கடைசியில் உன் அதிகாரி எழுந்து, பெயிண்ட் டப்பாவை ஆதாரமாக ஏற்க முடியாது, பதிவேட்டில் இருநூறுதான் நிற்கும் என்றார். நீ "அது தப்பு" என்றாய். அதற்கு மேல் உன்னைப் பேச விடவில்லை. நீ வேலையில் தொடரலாம் என்று தீர்ப்பு போல் சொல்லி அனுப்பினார்கள். உன்னை நீக்கினால் இருநூறு தப்பென்று ஆகிவிடுமே.

என்ன நடந்தது என்று எழுதச் சொன்னாய். ஒரே தடவை எழுதுகிறேன்.

அன்று காலை எட்டே முக்காலுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரம்மாவும் அவர் கணவரும் நாற்காலியோடு நம் வாசலில் நின்றார்கள். "வாங்க, பெரியம்மாவ மேல தூக்கிடலாம், ரெண்டு நிமிஷம்" என்றார் தையல்காரம்மா. நான் இருங்கள், பலகையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குடையோடு ஓடினேன். குமாஸ்தா அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார். இருநூறு. திரும்பி வந்தேன். வேலைக்கு நேரமாகியும் அதைச் சொல்லவென்றே திரும்பி வந்தேன். "இருநூறுதான். எங்க அண்ணன் எண்ணு. வேண்டாம், அம்மாவைக் குலுக்காதீங்க" என்றேன். அவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா ஜன்னலிலிருந்து, "எட்டரை என்ன சொன்னான்?" என்றாள். சொன்னேன். "நல்லா இருக்கானா, சரி" என்றாள். வாசற்படியில் பழைய விரிப்புகளைச் சுருட்டி அடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் தெருவுக்குள் வந்திருக்கிறது. பாலத்தை மூடிவிட்டார்கள், நான் அக்கரையில் ஆஸ்பத்திரியில். தையல்காரம்மாவின் கணவர் மார்பளவுத் தண்ணீரில் வந்து கதவைத் தள்ளியிருக்கிறார். மரம் ஊறி இறுகிவிட்டது, திறக்கவில்லை. ஜன்னலுக்குக் கம்பி. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை நின்றிருக்கிறார். பக்கத்தில் இருந்தது நான் இல்லை, அவர்தான். இதெல்லாம் தையல்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அம்மா மேல் போர்த்தியிருந்தது நான் முந்தின நாள் இஸ்திரி உருளையில் தேய்த்து மடித்த விரிப்பு. ஓரத்துக் கிழிசலை நானே தைத்திருந்தேன், அதை வைத்துத் தெரிந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகும் என்று சொல்ல மாட்டேன். என் மேலும் இருக்கிறது. காற்று சூடானதும் கடல் சூடானதும் நம் இருவர் தப்பு இல்லை. அந்த மழையை இருநூறு என்று சொன்னது நீ, அதை வாசலில் வந்து சொல்லி நாற்காலியைத் திருப்பி அனுப்பியது நான். இதை உனக்கு மறைத்தது உன்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். நீ எழுதிய பிறகுதான் என்னைக் காப்பாற்றவும்தான் என்று தெரிந்தது.

ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்று பலகையில் அந்த எண்ணைப் பார்த்தபோது நான் மழையைப் பற்றி யோசிக்கவே இல்லை. இவ்வளவு மழையிலும் அண்ணன் எழுந்து, அளந்து, போன் செய்துவிட்டான், அண்ணன் நன்றாக இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாகத்தான் திரும்பி ஓடினேன்.

நேற்று ஒன்பது மணிக்குப் பலகையைக் கடந்தேன். 0.0. மறுபடி வெயில் ஆரம்பித்துவிட்டது. தெருவில் கீழ்த்தளங்களில் மறுபடி வயதானவர்களை இறக்குகிறார்கள், மாடியில் இருக்க முடியவில்லை. வேறு என்ன செய்வார்கள்?

இனி எனக்குக் கடிதம் எழுதாதே, அண்ணா. எண்ணை மட்டும் சரியாக அனுப்பு. குடுவை நிரம்பினால் நிரம்பிவிட்டது என்று சொல், டப்பாவில் இருந்தால் டப்பாவில் என்று சொல். நீ இருக்கிறாயா என்று நான் அதிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை